தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தோட்ட விடுதி: அறைக்கு மூன்று நட்சத்திரம், அடுப்புக்கு ஐந்து

முன்பதிவுக்குப் போன் போடும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "ஆத்தா ஊர்ல இருக்காங்களா?" விடுதியின் அடுப்படியையும் மூலிகை மருந்தையும் பார்த்துக்கொள்கிற மூதாட்டி அவர். இருக்கிறார் என்றால் தாராளமாகப் போங்கள். பேத்தி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் இல்லாத நாளில் அது மலையில் இருக்கும் இன்னொரு விடுதி, அவ்வளவுதான்.

விடுதியின் பெயரை நான் போடவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், பிழைப்பு நடத்துகிற குடும்பம், எதற்கு வம்பு. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சித்தரேவு வழியாக மலையேறித் தாண்டிக்குடிக்குப் போகும் சாலையில், காப்பித் தோட்டத்துக்குள் இறங்கும் ஒரு மண்பாதையின் கடைசியில் இருக்கிறது. பெரும்பாறைப் பக்கம் டீக்கடையில் "மூலிகை ஆத்தா வீடு" என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

அடுப்பைப் பற்றி இவ்வளவு எழுதப்போகிற நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அரிசி ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன். நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு உமி எரிய வேண்டும், உமி ஒழுங்காக எரிய ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்து கிலோ பிரஷரில் நீராவி 184 டிகிரியில் இருக்கும்; அதன் பக்கத்திலேயே காலம் போய்விட்டது. அந்தப் பழக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் புகைபோக்கிக்குத்தான் போகும். புகை கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை. வெள்ளையாகக் குமைந்தால் விறகில் ஈரம். புகையே தெரியாமல் அனல் மட்டும் நெளிந்தால் உள்ளே வேலை தெரிந்த ஆள் இருக்கிறார். இந்த விடுதியின் சமையல்கட்டில் நான் பார்த்தது மூன்றாவது வகை. முற்றத்தில் பார்த்தது இரண்டாவது வகை, கொஞ்ச நேரத்தில் முதல் வகையும்.

போனதற்குக் காரணம் என் வீட்டம்மா. அவளுக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் தொந்தரவு. மார்கழி வந்தால் மூக்கு அடைத்து, புருவத்துக்கு மேல் கல்லை வைத்தது போல் வலி. விடுதி விளம்பரத்தில் "பாரம்பரிய மூலிகை வைத்தியம், ஆவி பிடித்தல், கேம்ப்ஃபயர்" என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, போயே ஆக வேண்டும் என்றாள்.

அறையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கு ஓர் இரவு 2,800 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. மெத்தையில் ஈர வாடை. கீசர் வேலை செய்கிறது, கரண்ட் இருந்தால். ஜன்னலைத் திறந்தால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அதற்குக் கீழே காப்பிச் செடி, அதற்கும் கீழே மூடுபனி. கழிவறை சுத்தம். சாப்பாடு நன்றாக இருந்தது. மலைப்பூண்டு போட்ட புளிக்குழம்பை என் வீட்டம்மா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முற்றத்துக் கதை. கேம்ப்ஃபயருக்குத் தனியாக 600 ரூபாய். அதற்கு "மூலிகைக் கணப்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம், ஆத்தாவின் மகனான ஓனர் தம்பியின் ஆட்கள் இரண்டு பையன்கள் வந்தார்கள். அன்றைக்குத்தான் அறுத்த சில்வர் ஓக் முண்டுகளைக் கூம்பாகச் சாய்த்து அடுக்கினார்கள். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும் வரை கட்டைக்குள் சூடே ஏறாது. பையன்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. அரை லிட்டர் டீசலை ஊற்றிப் பற்றவைத்தார்கள். டீசல் எரிந்தது, கரும்புகை எழும்பியது, டீசல் தீர்ந்தது, நெருப்பும் தீர்ந்தது. மறுபடி டீசல். அப்புறம் ஒரு பையன் "வாசனை வரும் சார்" என்று நீலகிரித் தைலப் பாட்டிலைத் திறந்து கணப்பின் மேல் சாய்க்கப் போனான். எட்டிப் பிடித்து வாங்கிவிட்டேன். யூகலிப்டஸ் எண்ணெயின் ஆவி ஐம்பது டிகிரிகூட இல்லாத சூட்டிலேயே தீப்பிடிக்கும். தீ பாட்டில் வழியாகக் கையில் ஏறியிருந்தால் யார் பதில் சொல்வது?

அந்த நேரத்தில்தான் ஆத்தா சமையல்கட்டிலிருந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு, குரல் மட்டும் கணீர். பையன்களைப் பார்த்துப் பேசவே இல்லை. நேராக விறகுக் குவியலிடம் போய் அதிலிருந்து ஏழெட்டுக் குச்சிகளை உருவி வேலிக்கு அப்பால் எறிந்தார். "அரளியப் போய் நெருப்புல வைக்கிறீங்களே, வந்தவங்க மூச்சு முட்டிச் சாகவா?" வேலியில் நின்ற அரளியைக் கவாத்துப் பண்ணி விறகோடு சேர்த்திருக்கிறார்கள். அரளி முழுக்க விஷம் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் புகையும் ஆகாது என்பது பலருக்குத் தெரியாது. சேங்கொட்டையும் அப்படித்தான், அதன் புகை பட்டால் உடம்பு தடித்துக் கொப்பளிக்கும். எருக்கு, கள்ளி, சேங்கொட்டை, அரளி எதுவும் தன் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று வைத்திருக்கிறார் ஆத்தா. எந்த இலை எதற்கு ஆகும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை எரிக்கக் கூடாது என்று சொல்ல ஆள் குறைவு. எனக்கு அங்கேயே மரியாதை வந்துவிட்டது.

அப்புறம் அந்தக் கணப்பை அவர் புதிதாக மூட்டியதைச் சொல்ல வேண்டும். ஈர முண்டுகளை எல்லாம் இழுத்து ஓரத்தில் வட்டமாக வைத்தார், காயட்டும் என்று. சமையல்கட்டுப் பரணிலிருந்து இரண்டு கட்டு விறகு வந்தது. எல்லாம் காப்பிச் செடியைக் கவாத்துப் பண்ணிய குச்சிகள், விரல் பருமனில் ஒரு கட்டு, மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டு. அடுப்புக்கு மேலேயே பரண் இருப்பதால் அடைமழையிலும் அந்த விறகு கலகலவென்று கிடக்கும். கீழே ஒரு பிடி பன்னாடை, அதன் மேல் சருகு, சருகின் மேல் காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோல், அதற்கு மேல் சுள்ளி. நடுவில் கை நுழையும் அளவுக்குச் சந்து. "எடுத்த எடுப்புல கட்டையத் தூக்கி மேல போட்டா எப்புடிப் பிடிக்கும்? காத்துக்கு வழி விடுங்கடா." பாய்லரில் நாங்கள் டிராஃப்ட் என்று சொல்வது அதைத்தான்.

ஆரஞ்சுத் தோலைச் சும்மா போடவில்லை. அதில் இருக்கும் எண்ணெய் நன்றாகப் பற்றும், படபடவென்று பொரிந்து சுள்ளிக்குத் தீயைக் கொடுத்துவிட்டுப் போகும். இந்தக் கீழ்மலைப் பக்கம் ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சுத் தோட்டமாகத்தான் இருந்தது. நோய் விழுந்து மரங்கள் போய், காப்பியும் மிளகும்தான் இப்போது முக்கியம். ஆத்தா வீட்டில் இன்னும் நாலைந்து மரம் நிற்கிறது. பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை முறத்தில் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கிறார். மழைக்காலத்தில் தோலும் நமத்துப்போனால் மிளகு அளவுக்கு ஒரு கருங்குங்கிலியத் துண்டு. மரப்பிசின்தான் அது, ஈரச் சுள்ளிக்கு நடுவில் வைத்தாலும் விடாமல் எரியும். வாசனைக்கென்று தைலத்தை ஊற்றப் போன பையன்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். கருங்குங்கிலியப் புகையில் இருந்த வாசனைக்கு முன்னால் பாட்டில் தைலம் நிற்காது.

ஒரே குச்சியில் பற்றியது. ஊதாங்குழலைக்கூட எடுக்கவில்லை. சுள்ளி பிடித்து, நடுத்தர விறகு பிடித்து, கால் மணி நேரம் கழித்து அந்த ஈர முண்டுகளும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. புகை அடங்கிவிட்டது. 600 ரூபாயை ஓனர் தம்பி என்னிடம் வாங்கினார்; ஆத்தாவிடம் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சங்கடமாகியிருக்கும்.

விடுதியில் "பழங்காலத்து முறையில் தீ உண்டாக்கும் அனுபவம்" என்று 400 ரூபாய்க்கு இன்னொன்றும் இருக்கிறது. சக்கிமுக்கிக் கல்லும் கடைகோலும் கொடுத்து உட்காரவைக்கிறார்கள். எங்களோடு தங்கியிருந்த கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் உள்ளங்கை கொப்பளிக்கக் கடைந்தார்கள். மூடுபனி இறங்கின மலையில், ஈரக் கட்டையில் எங்கே வரும்? இதைப் பற்றி ஆத்தாவிடம் கேட்டதற்கு அவருக்குச் சிரிப்பு. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் யாரும் கட்டையைக் கடையவில்லையாம். தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க, பக்கத்து வீட்டுக்குக் கொட்டாங்குச்சியோடு போய் ஒரு வரட்டித் துண்டில் நெருப்பு வாங்கி வருவார்கள். விளக்கு வைத்த பிறகு போனால் கிடைக்காது, வெள்ளிக்கிழமை போனாலும் கிடைக்காது. சிவகாசிக்காரர்கள் 1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்ததிலிருந்து தீப்பெட்டிக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயானது. ஆனாலும் மலையில் தீப்பெட்டிக்கு வேறு பிரச்சினை. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் பட்டை ஈரம் குடித்துவிட்டால் குச்சியின் மருந்து உதிருமே தவிரப் பற்றாது. அதனால் ஆத்தா தீப்பெட்டியைத் தகர டப்பாவில் போட்டு அடுப்புத் திண்டின் மேல் வைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ள 400 ரூபாய் தேவையில்லை.

அவருடைய அடுப்படியில் உட்கார்ந்தால் பேச்சிலேயே ஒரு ஒழுங்கு இருப்பது காதில் விழும். அடுப்பைப் பற்றவைப்பார், விளக்கை ஏற்றுவார், சாம்பிராணி போடுவார், வெளியில் கணப்பு மூட்டுவார், குப்பையைக் கொளுத்துவார். ஓனர் தம்பியின் மனைவி, "அத்தை, அடுப்பைக் கொளுத்தவா?" என்று வாய் தவறிக் கேட்டதற்கு, "குப்பமேட்டையா கொளுத்தப் போற?" என்று பதில் வந்தது. எரிகிற கட்டையைக் கொள்ளி என்று சொன்னால் முகம் மாறிவிடும். அந்த வார்த்தை சுடுகாட்டோடு இருக்கட்டும் என்பார். ராத்திரி விளக்கை ஊதி அணைக்க யாருக்கும் அனுமதி இல்லை. தானாக எண்ணெய் தீர்ந்து மலையேற வேண்டும், அவசரம் என்றால் திரியை உள்ளே இழுத்துக் குளிர வைக்க வேண்டும். அடுப்பையும் தண்ணீர் தெளித்து அவிப்பதில்லை. கங்குகளை ஒன்றாக ஒதுக்கிச் சாம்பலால் மூடிவிடுகிறார். விடிந்ததும் சாம்பலை விலக்கினால் உள்ளே செக்கச் செவேலென்று தணல். சருகு வைத்து ஊதாங்குழலால் இரண்டு ஊது, அடுப்பு தயார். உமி பாய்லரில் எனக்கு இது நன்றாகவே தெரிந்த வேலை. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகத்தான் மிஞ்சும். அந்தச் சாம்பலே போர்வை மாதிரி மூடிக்கொண்டு கங்கை விடிய விடியக் காக்கும்.

மருந்துக்கு வருகிறேன். ஆத்தாவின் அப்பா மலையடிவாரத்தில் நாட்டு வைத்தியம் பார்த்தவராம். அடுப்பு மண்ணால் போட்ட கொடியடுப்பு. பெரிய வாயில் சோறு வேகும், பக்கத்துக் கொடியில் மருந்து காயும். பெரிய அடுப்பின் மிச்ச அனல்தான் கொடிக்கு வருவதால் அங்கே ஒன்றும் பொங்காது, தீயாது. கசாயம் வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சித்த மருத்துவத்தில் தீயின் அளவுக்கே பெயர் உண்டு: விளக்குச் சுடர் அளவு எரிந்தால் தீபாக்கினி, தாமரைப்பூ அளவு விரிந்தால் கமலாக்கினி, கட்டையெல்லாம் பிடித்து மளமளவென்று எரிந்தால் காடாக்கினி. இது அவருக்கு ஏட்டுப் படிப்பு இல்லை. "கமலத்துல வையி" என்று மருமகளிடம் சொல்வார், அவரும் ஒரு விறகை வெளியே இழுத்துவிடுவார். எங்கள் ஆலையில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரைத் திருப்பிச் செய்ததை அவர்கள் விறகை இழுத்துச் செய்கிறார்கள்.

நாங்கள் போன அன்று வைத்தது ஆடாதோடைக் கசாயம். இலையை நறுக்கி, சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம் தட்டிப்போட்டு, நாலு பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்ற வேண்டும். வற்றியது எப்படித் தெரியும்? ஒரு ஈர்க்குச்சியைப் பானையில் விட்டு, தண்ணீர் மட்டத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டார். கீழே முனையிலிருந்து கீறல் வரை நாலாக மடித்து முதல் மடிப்பில் இன்னொரு கீறல். தண்ணீர் அங்கே வந்ததும் இறக்கிவிட்டார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அதுதான் சரியும்கூட. அந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்குப் போகாமல் சுமார் 95லேயே கொதித்துவிடும், அதனால் "இருபது நிமிடம் கொதிக்கவிடவும்" என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கு மலையில் அப்படியே செல்லாது. குச்சி அளவு எங்கே போனாலும் செல்லும்.

கசாயம் பயங்கரக் கசப்பு. பனங்கற்கண்டு கேட்டதற்கு, "கசப்பு நாக்குல நின்னாத்தான் மருந்து, தாயி" என்று என் வீட்டம்மாவுக்குப் பதில் கிடைத்தது. ஆடாதோடையைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தை ஆங்கில மருத்துவத்தில் உருவாக்கினார்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது. இதை ஆத்தாவே முதலில் கேட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டுகிறார். கோயம்புத்தூர்ப் பிள்ளைகளில் புதுசாகக் கல்யாணமான பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அவருக்குச் சுக்குக் காப்பி.

ஆவி பிடித்தலுக்கு 300 ரூபாய். கொடுக்கலாம். மண்பானையில் நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் உட்காரவைக்கிறார்கள். சூடு ஆறும்போது, அடுப்பில் பழுக்கச் சுட்ட செங்கல் துண்டை இடுக்கியால் எடுத்துப் பானைக்குள் விட்டதும் 'சொர்ர்' என்று மறுபடி ஆவி கிளம்புகிறது. செங்கல்தான் போட வேண்டும், ஆற்றுக் கல் கூடாது. ஆற்றுக் கல்லுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும், அடுப்பில் சுடும்போதே ஆவியாகி வெடிக்கும். ஆத்தாவுக்கு இது தெரியும். ஏன் என்று அவர் சொல்லவில்லை, "ஆத்துக்கல்லு கோபக்காரக் கல்லு" என்று மட்டும் சொன்னார். சூடான செங்கல்லைப் பானையில் விடும்போது போர்வைக்குள் ஆள் இருக்கக் கூடாது. வெளியே வரச் சொல்லிவிட்டுத்தான் விட்டார்கள். சின்னப் பிள்ளைகளை இதில் உட்காரவைக்காதீர்கள். கொதிநீர் கொட்டினால் கதை வேறு.

பலன் கிடைத்ததா? என் வீட்டம்மா அன்றைக்கு ராத்திரி மூக்கடைப்பில்லாமல் தூங்கினாள், காலையில் தலை லேசாக இருந்தது என்றாள். அது நொச்சியா, வெறும் நீராவியா, கசாயமா, மலைக்காற்றா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஊருக்கு வந்ததும் தொந்தரவு திரும்ப வந்தது, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம். ஆவி பிடித்தால் சைனஸ் ஒரேயடியாகப் போய்விடும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது அதிகப்படி.

ஒரு விஷயத்தில் ஆத்தாவோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. மஞ்சள் கொம்பை நெருப்பில் காட்டி அதன் புகையை மூக்கால் இழுக்கச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன். புகையோடு காலம் தள்ளினவன் நான். எந்தப் புகையானாலும் நுரையீரலுக்கு அது புகைதான். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆத்தாவின் அடுப்படியில் புகைபோக்கி இருக்கிறது, விறகு காய்ந்திருக்கிறது, டீ போட கேஸ் அடுப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லா வீட்டிலும் அப்படியா? "ஒன் இஷ்டம் தம்பி" என்று விட்டுவிட்டார்.

ஓனர் தம்பி கவனிக்க வேண்டியவை சில உண்டு. ராத்திரி குளிருகிறது என்று சொன்னதும், கரி போட்ட இரும்புச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைக்கப் பார்த்தார்கள், ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு. வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். கரித் தணல் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலைப் பக்கம் இப்படி உயிர் போன செய்திகளைப் படிக்காதவர்கள் யார்? போய்த் தங்குகிறவர்கள் இதை ஞாபகத்தில் வையுங்கள்: கூடுதல் கம்பளி கேளுங்கள், கொடுக்கிறார்கள். கரிச்சட்டி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, வரவேற்பு மேஜையில் கண்ணாடிக் குப்பிகளில் பற்பம், செந்தூரம் என்று விற்கிறார்கள். லேபிளில் செய்தவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. இதெல்லாம் உலோகத்தையும் பாஷாணத்தையும் புடம் போட்டு எடுக்கிற மருந்துகள். காடைப்புடத்துக்கு ஒரு வரட்டி, கஜபுடத்துக்கு ஆயிரம் வரட்டி என்று தீக்கணக்கு வைத்துச் செய்வது. கணக்குத் தப்பினால் விஷம். படித்த சித்த மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாயில் வைக்கக் கூடாதது. ஆத்தாவிடம் கேட்டேன். "நான் இலை தழைக்காரி, அந்தப் பக்கம் போறதில்ல" என்றார். அதே மேஜையில் நீலகிரித் தைலமும் இருக்கிறது. தலைக்குத் தேய்க்கலாம், குடிக்கக் கூடாது. சின்னக் குழந்தை ஒரு மடக்கு விழுங்கினாலும் ஃபிட்ஸ் வரலாம். குழந்தைகள் ஓடி விளையாடுகிற உயரத்தில் அதை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சொன்னேன். எடுத்து மேலே வைத்தார்கள். அதற்கு நன்றி.

எப்போது போவது என்றால், டிசம்பர், ஜனவரி நல்லது. குளிர் இருக்கும், மழை விட்டிருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை போகிறவர்கள் கணப்பு கேட்காதீர்கள், அவர்களாகவே போட வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்போது மலை முழுக்கப் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிச் செத்தது இதே மேற்கு மலைத் தொடரில்தான். ஆத்தாவே மாசி பிறந்துவிட்டால் வெளியில் நெருப்பு மூட்ட விடுவதில்லை என்று மருமகள் சொன்னார்.

போனில் பணம் அனுப்ப அங்கே சிக்னல் கிடைக்காது, கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காப்பித்தூள் வாங்கலாம், தோட்டத்துக் கொட்டையை அங்கேயே வறுத்து அரைத்தது, கலப்படம் இல்லை. ஆத்தாவுக்குத் தனியாகப் பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். அவர் அடுப்படிக்கு ஆகிற பன்னாடையும் கொட்டாங்குச்சியும் அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்பிலிருந்துதான் மேலே வருகின்றன. சொந்தத் தோப்பு உள்ளவர்கள், காரில் இடம் இருந்தால் ஒரு சாக்கு கட்டி எடுத்துப் போங்கள். மழையில் நனையாமல் டிக்கியில் வையுங்கள், நனைந்த சாக்கைக் கொண்டுபோனால் வாசலிலேயே திட்டு விழும்.